பட்டது தெரியாத சட்டை

மாசி 4, ஞாயிறு

விடியும்வரை பனி. பனி உருகப் படிக்கட்டுக்கு உப்புத் தூவிய பிறகே நீறு பூச வாய்த்தது, முறை மாறிற்று. ஒரு பதிகம் மட்டும் ஓதிப் புறப்பட்டேன்.

பழைய தையல் ஆலையின் மூன்றாம் மாடி. எயர்சொஃப்ட் களம். பலகைச் சுவர்கள், பீப்பாய்கள், அடுக்கிய டயர்கள். மின்கலத்தில் இயங்கும் விளையாட்டுத் துவக்கு. மிளகைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் குண்டு. எங்கள் ஐவரில் முதலில் வெளியேறியவன் இன்றும் நானே. மூன்று ஆட்டத்திலும்.

இவ்விளையாட்டின் அறமெல்லாம் ஒரே விதியில் அடங்கும். குண்டு பட்டவன் தானே கை உயர்த்தி, தானே களத்தை விட்டு நீங்கவேண்டும். குண்டு சாயம் விடுவதில்லை. நடுவர் எல்லா மூலையையும் காண இயலாது. பட்டவனின் வாய்மொழியே சான்று. அறுபது கடந்தபின் இதற்குள் வந்ததும், ஊரார் நகைத்தபோதும் விடாமலிருப்பதும் இதன்பொருட்டே. பண்டையோர் இன்ன போருக்கு இன்ன பூ என்று சூடி, அறிவித்துப் பொருதனர். இங்கே பூவுக்குப் பதில் கையில் நிறப்பட்டி. ஓர் ஒழுங்கு உண்டென்று மகிழ்ந்திருந்தேன்.

பிரவீன் (சென்னைப் பிள்ளை, கணினி நிறுவனத்தில் வேலை, எங்கள் அணியின் நல்ல குறிகாரன்) முகமூடியைக் கழற்றியதும் கேட்டான்:

"அங்கிள், நெஜமாவே பட்டுச்சா, இல்ல பக்கத்துல போச்சா?"

"தோளில் பட்டது."

"யார் பாத்தா?"

"நான்."

சிரிப்பு. "டவுட்டுன்னா கை தூக்காதீங்க அங்கிள். எதிர் டீமுக்கு நீங்கதான் ஸ்டார் பிளேயர்!"

இவனுக்கு நான் எப்போது அங்கிள் ஆனேன்? அது போகட்டும். கேதீஸும் சேர்ந்து சிரித்தான். உறுத்துவது அது.

கேதீஸும் நானும் டோர்வல் விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றிய காலம் நெடிது. விமானத்தின் வயிற்றுக்குள் முழந்தாளில் ஊர்ந்து பெட்டி அடுக்குவோம். என் இடுப்புப் பிசகியபோது என் பங்கையும் அவனே இழுத்தான். நான் ஓய்வு பெற்றபின் என்னைத் தேடி வந்து இங்கே அழைத்துவந்தவனும் அவனே. அணித்தலைவன்.

சித்திரையில் நகருக்கு வெளியே, காட்டுக்குள் ஒரு முழுநாள் ஆட்டம். இம்மாதம் முதலாவதாக வரும் அணிக்கே இடம். அந்த ஐவரில் நானும் இருக்கவேண்டும். இந்த ஆசையை ஒருவரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதலாம்.

மாசி 6, செவ்வாய்

கேதீஸ், பிரவீனுடன் கடைக்கு. கடும் குளிர். மெட்ரோ வாசலில் காற்று ஆளைத் தள்ளுகிறது.

தெரிவு செய்தவையும் விட்டவையும்:

முகமூடி. இரட்டைக் கண்ணாடி, உள்ளே சிறு விசிறி. பழையதில் மூச்சு விட்டதும் மூக்குக்கண்ணாடி மூடுபனியாகிவிடும்; நீறும் வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கும். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நெற்றிக்கு மெல்லிய பூச்சு. மார்பிலும் கைகளிலும் நிறைய.

கையுறை. துணி. தோல் வேண்டாமென்றேன். பிரவீன்: "பசுமாட்டுக்குப் பாவம் பாக்குறீங்க, எதிர்ல நிக்கிறவனுக்குப் பாக்க மாட்டீங்களா அங்கிள்?" நல்ல கேள்வி. துணியையே எடுத்தேன்.

முழங்கால் காப்பு. வாங்கவில்லை. பொதி ஏற்றிய காலத்தது இருக்கிறது.

துவக்கு. களத்தில் வாடகைக்குத் தருவதே போதும். இதைச் சொன்னதும் பிரவீன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். தன் துவக்கின் குழலை மாற்றிய வரலாற்றைப் புராணத்துக்குரிய கிளைக்கதைகளோடு விரித்தான். கேட்டுக்கொண்டேன்.

உடை. ஐவருக்கும் ஒரே பச்சைப்புள்ளி இராணுவச் சீருடை என்றான் கேதீஸ். மாட்டேன் என்றேன். அவன் காரணம் கேட்கவில்லை, அவனும் யாழ்ப்பாணத்தவன். பிரவீன் கேட்டான்.

"ஏன் அங்கிள், கலர் புடிக்கலையா?"

"விடு மச்சான்," என்றான் கேதீஸ். "அது வேற கதை."

அவ்வளவில் முடிந்தது. எனக்கு மட்டும் மண்ணிறச் சட்டை, மெல்லிய பருத்தி. கேதீஸை அந்தக் கணத்தில் மிகவும் பிடித்தது. அடுத்த கணமே பஞ்சடைத்த அங்கி ஒன்றைத் தூக்கி என் மார்பில் வைத்து அளந்தான். மார்பும் முதுகும் தோளும் மூடும் தடிப்பு.

"இதைப் போட்டியளெண்டா, கிட்ட நிண்டு சுட்டாலும் ஒண்டும் தெரியாது அண்ணை."

"தெரியாவிட்டால் எப்படிக் கை தூக்குவது?"

"தெரிஞ்சாத்தானே தூக்கோணும்!"

"லாஜிக் கரெக்ட்டு தல!" பிரவீன் கடை அதிரச் சிரித்தான். "பொய்யும் சொல்லல, அவுட்டும் ஆகல."

திருப்பி மாட்டிவிட்டேன். நோவை விரும்பியன்று. செய்தி உடம்புக்கு வந்து சேரவேண்டும், சேர்ந்தாலல்லவா சொல்லமுடியும்? செவியை அடைத்துக்கொண்டு, அழைத்தது கேட்கவில்லை என்பவனை என்னென்பது? இதைக் காரில் திரும்பும் வழியெல்லாம் விளக்கினேன். கேதீஸ் வானொலியைக் கூட்டிவைத்தான்.

மாசி 9, வெள்ளி

பிரதோஷம். உபவாசம். தலை இலேசாகச் சுற்றல்.

மாலையில் கேதீஸ் வந்தான். கையில் பை. உள்ளே அந்த அங்கி.

"இது என்ர பரிசு. வேண்டாமெண்டு சொல்லக்கூடாது. உங்கட தோள் கண்டிப்போய்க் கிடக்காம். அக்கா அண்டைக்குப் போனில சொல்லி அழாக்குறை."

என் மனைவி பவளம் சமையலறையிலிருந்தே: "பின்ன என்ன? முதுகெல்லாம் கண்டல். டொக்டர் பாத்தா நான்தான் அடிச்சனான் எண்டு நினைக்கப்போறார். கோயிலுக்குப் போற மனிசன், துவக்கோட கூத்தடிக்கிறார்."

"அக்கா, இனி அண்ணையில ஒரு கீறலும் வராது. நான் பொறுப்பு."

அன்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனிடம் அறம் பேசுவது எங்ஙனம்? வாங்கிக்கொண்டேன். அவன் முகம் மலர்ந்தது. தேநீர் குடித்துவிட்டுப் போனான்.

அங்கி கதிரையில் கிடக்கிறது. யாரோ உட்கார்ந்திருப்பதுபோல்.

மாசி 11, ஞாயிறு

வரிசையாக எழுதவேண்டும்.

அங்கியை அணிந்தேன். மூன்றாம் ஆட்டம். எங்கள் பக்கம் நான் ஒருவனே எஞ்சினேன், எதிர்ப்பக்கம் மெலனி. (கோட்-டெ-நெய்ஜ் மருத்துவமனை ஒன்றில் நோயாளர்களைத் தள்ளுநாற்காலியில் கொண்டுசெல்லும் வேலை. அவளது அணியின் தலைவி.) பீப்பாய்க்குப் பின்னே பதுங்கினேன். முதுகுப் பக்கம் 'தொப்' என்று ஓர் ஒலி. உடலில் ஒன்றுமில்லை. பலகையில் பட்டதோ? திரும்பினேன். மெலனி துவக்கைத் தாழ்த்தி நின்றாள். அவள் பார்வை என் வலக்கையில்.

அது எழுவதற்காகக் காத்திருந்தாள்.

நான் சுட்டேன். உடனே அவள் கை உயர்ந்தது.

வெற்றி. பிரவீன் என்னைத் தூக்கிச் சுழற்றினான். "அங்கிள் மாஸ்!" கேதீஸ் விசிலடித்தான். எல்லோரும் என் முதுகில் தட்டினர். தட்டியதும் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது.

மெலனியிடம் போய்க் கேட்டேன், என் உடைந்த பிரெஞ்சில்: முதுகில் சுட்டீரா?

"உயி, முசியூ." ஆமென்று தோளைக் குலுக்கினாள். பரவாயில்லை, அந்த அங்கியில் தெரியாதுதான், என்றாள். சினந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

நடுவரிடம் சென்று சொன்னேன். அவர் தாடியைச் சொறிந்தார். ஆட்டம் முடிந்தபின் ஒருவன் வந்து தான் பட்டதாகக் கூறுவது அவருக்குப் புதிது. ஆட்டத்தை அவர்களுக்கு அளித்தார். நாங்கள் இரண்டாமிடம்.

"நாம என்ன சாமி முன்னாடி கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டா வந்தோம்? சண்டே டைம்பாஸ் அங்கிள் இது!" பிரவீன் கையுறையைத் தரையில் எறிந்தான்.

"டைம்பாஸ் என்றால் தோற்பதில் என்ன குறை?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

கேதீஸ் படியிறங்கும்போதுதான் பேசினான். "முடிஞ்ச ஆட்டத்தை ஏன் அண்ணை திறந்தனீங்கள்? அவளே பரவாயில்லை எண்டிட்டாள். அவளை விட உங்களுக்கு என்ன நோ?"

பேருந்தில் வந்தேன். வழக்கமாக அவன் காரில் இறக்கிவிடுவான்.

மாசி 12, திங்கள்

குழாய் சொட்டுகிறது. வீட்டுக்காரருக்கு இரண்டு முறை சொல்லியாயிற்று.

அணியின் கைபேசிக் குழுவில் பிரவீனின் குரற்பதிவு. நான் அதில் இருப்பதை மறந்தானோ, மறக்கவில்லையோ: "பெரிய உத்தமர்னு காட்டிக்கிறாரு. நம்ம எல்லாரையும் திருடனாக்கிட்டு இவர் மட்டும் சாமி!"

மூன்று முறை கேட்டேன். ஒரு பகுதி உண்மையாக இருக்குமோ? நடுவரிடம் போகுமுன் அணியிடம் சொல்லியிருக்கலாம். கேதீஸைத் தனியே அழைத்திருக்கலாம். நேராக நடுவரிடம் நடந்தேன். எல்லோரும் காண நடந்தேன். நடையில் ஒரு நிமிர்வு இருந்ததா? இருந்திருக்கும்.

மாலை கேதீஸின் அழைப்பு.

"அண்ணை, பிரவீன்ர வேலையிடத்தில ஒருத்தர் இருக்கிறாராம். நல்லா ஓடுவாராம். இந்த ஞாயிறு அவர் வரட்டும். நீங்கள் றெஸ்ட் எடுங்கோ."

"சித்திரைக்கு?"

"அதைப் பேந்து பாப்பம்."

எம்மவர் 'பேந்து பாப்பம்', பிறகு பார்ப்போம், என்றால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று பொருள்.

"அங்கியைத் தந்துவிடுகிறேன்."

"அது பரிசு அண்ணை. குடுத்ததை ஆரும் திருப்பி வாங்குவினமே?"

"அதை இனி நான் போடமாட்டேன், கேதீஸ்."

அவன் பக்கமிருந்து விமான இரைச்சல் கேட்டது, வேலையில் நின்றிருக்கிறான். "சரி, வைக்கிறன்."

மாசி 15, வியாழன்

கத்தரிக்காய் எல்லாம் சூத்தை. கடைக்காரர் "மாத்தித் தாறன்" என்றார், மாற்றியதும் சூத்தை.

அங்கியை மடித்துக் கேதீஸின் மனைவியிடம் கொடுத்தேன். அவன் வேலையில். "என்னண்ணை நடந்தது? ரண்டு நாளா ஒருத்தரோடயும் கதையில்லை," என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இதுவும் பொய்தானே.

ஓதும்போது மனம் நிற்கவில்லை. நாவு பாட்டில், நெஞ்சு பீப்பாய்க்குப் பின்னே. அந்த ஒலி கேட்ட கணத்தில் நான் அறிந்திருந்தேனா? அறிந்தும் சுட்டேனா? எத்தனை முறை அங்கே திரும்பிச் சென்றாலும் விடை வரவில்லை. செவி 'பட்டது' என்கிறது. முதுகு 'இல்லை' என்கிறது. இரண்டும் என்னுடையவை. நடுவரிடம் உறுதியாகச் சொன்னவன் நான். அது மெலனி சொன்னதை வைத்து. என் அறிவை வைத்தன்று.

இதைப் பிரவீனிடம் சொன்னால் நகைப்பான். கேதீஸிடம் சொல்லலாம். கேட்கமாட்டான்.

மாசி 18, ஞாயிறு

வெயில், ஆனால் சுடாத வெயில். தெருவெல்லாம் உருகிய பனிச்சேறு.

"அவங்கள்தான் வேண்டாமெண்டிட்டாங்களெல்லே. பேந்தேன் போறியள்?" பவளம் கேட்டாள். முழங்கால் காப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

தனியே வருவோரை ஆள் குறைந்த அணியில் சேர்ப்பது களத்து வழக்கம். மெலனியின் அணியில் ஒருவருக்குக் காய்ச்சலாம். நடுவர் என்னை அங்கே அனுப்பினார். எதிர்ப்பக்கம் கேதீஸ், பிரவீன், மற்ற இருவர், புதியவர். சித்திரை எவருக்கு என்பதை இன்றைய ஆட்டமே தீர்க்கும். பிரவீன் கண்டதும்: "அட, அங்கிள் கட்சி மாறிட்டாரு!" கேதீஸ் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினான். கட்டியிருந்த கயிறு.

அவன் அந்த அங்கியை அணிந்திருந்தான். நான் திருப்பிக் கொடுத்தது. அவனுக்குச் சற்றுத் தொளதொளப்பு.

நெடுநேரம் ஓடினோம். மெலனியின் பக்கத்தில் நானும் அவளும் எஞ்சினோம். அவர்கள் பக்கத்தில் கேதீஸ் மட்டும். டயர் அடுக்கைச் சுற்றி வந்தேன். அவன் முதுகு என் முன்னே, பத்தடியில். சுட்டேன். 'தொப்.' அதே ஒலி. ஐயமில்லை, இம்முறை குண்டு போய்ச் சேர்ந்ததைக் கண்ணாலும் கண்டேன்.

திரும்பினான்.

துவக்கைத் தாழ்த்தினேன். அவன் வலக்கையைப் பார்த்து நின்றேன். முகமூடிக்குள் அவன் கண்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்றும் தெரியவில்லை. அறிந்து நிற்கிறானா, அறியாமல் நிற்கிறானா? அந்த அங்கிக்குள் இருந்தவன் நான். அதற்குள்ளிருந்து ஒருவன் மெய்யாகவே அறியாமலிருக்கலாம். அறிந்துகொண்டே அறியாமலும் இருக்கலாம். கேட்டாலும் அவன் விடை எனக்குப் பயன்படாது. என்னை நானே கேட்டுப் பெறாத விடை.

"என்ன அண்ணை, பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றான்.

சுட்டான். விலாவில் பட்டது. நல்ல நோ.

கை உயர்த்தினேன்.