பதினொன்றாம் தேதிச் செடி

2026 ஜனவரி 6, செவ்வாய்

மீட்டிங் இருந்த நேற்றுப் பார்த்தா நான் பல் டாக்டரிடம் போக வேண்டும்? எங்கள் கல்லூரியில் மீட்டிங்குக்கு வராதவர் தலையில்தான் வேலையைக் கட்டுவார்கள். இத்தனை வருடம் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஆண்டு விழாவுக்குள் போர்ட்டிகோவில் ஒரு கருங்கல் பலகை வைக்கப் போகிறார்களாம். புகழ்பெற்ற முன்னாள் மாணவர்கள் எழுபத்தைந்து பேர், இங்கே பணியாற்றியவர்கள் இருபத்தைந்து பேர். யார் யார் என்று தேர்ந்து கொடுக்க வேண்டியவள் பாட்டனி டிபார்ட்மென்ட் பொன்னம்மை, அதாவது நான்.

"ரிட்டயர் ஆவறதுக்கு முன்னே ஒரு நல்ல காரியம் செய்யுங்க டீச்சரே" என்றார் பிரின்சிபால் உமாசங்கர். மார்ச் முப்பத்தொன்றோடு எனக்கு ஓய்வு. அதற்குள் செய்ய எனக்கு வேறு நல்ல காரியமே இல்லையா?

ஜனவரி 12, திங்கள்

இதுவரை நாற்பத்தொரு போன். ஒருவர் இங்கே படிக்கவே இல்லை. ஏதோ அரசுத் தேர்வு எழுத வந்து எங்கள் ஹாலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிற்பாடு பெரிய அதிகாரியானதால் அந்தப் பெருமையில் கல்லூரிக்கும் பங்கு உண்டாம். இன்னொருவரை ஸ்ட்ரைக்கில் கல்லூரியை விட்டே அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியதால்தான் தலைவரானேன், ஆகவே பட்டியலில் வர வேண்டும் என்கிறார். அட்மிஷன் ரெஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டி எனக்குத் தும்மல் நிற்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் லீவு. பால் பொங்கும் நேரத்தில் போன். பழைய விழா மலரில் ஒருவர் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று அச்சடித்திருக்கிறார்கள். பேசியது அவரே. "அதைப் பாத்துக் கல்லிலயும் வெட்டிராதீங்க மோளே" என்றார், பாவம். நாற்பத்திரண்டு பேரில் நியாயமாகப் பேசியவர் இவர் ஒருவர்தான். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

ஜனவரி 19, திங்கள்

ஹரிகுமார். இந்தப் பெயரை எழுதும்போதே பேனா மக்கர் செய்கிறது. முன்னாள் மாணவர், இன்று ஊர் முழுக்கக் கோச்சிங் சென்டர். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கூப்பிடுகிறார். "டீச்சரே, ஒரு சின்ன காரியம். என் பேரு வந்தா பழவங்காடியில நூத்தியொண்ணு தேங்கா உடைக்கறதா நேந்திருக்கேன். கணபதியை ஏமாத்தலாமா?" கணபதியிடம் நேர்ந்துகொண்டால் அவரிடமே கேட்க வேண்டியதுதானே. என் பிராணனை ஏன் வாங்குகிறார்?

செய்யாததைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டு கல்லில் ஏற இத்தனை பேருக்கு எப்படிக் கூசாமல் இருக்கிறது என்றே புரியவில்லை.

ஜனவரி 22, வியாழன்

உமாசங்கர் பட்டியலைப் பார்த்துவிட்டு இருபத்தைந்தாவது இடத்தில் என் பெயரைத் தன் கையால் எழுதினார். பொன்முடி மலையில் புதிய காசித்தும்பை வகையைக் கண்டுபிடித்தவர் என்று. வேண்டாம் சார் என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இது என் டயரி, இங்கே என்ன வெட்கம். விழா மலரில் போட அந்தச் செடியின் படம் வேண்டுமாம். சனிக்கிழமை ஆதிராவை அழைத்துப் போய் எடுக்கச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு அம்மாவின் வேலை என்னவென்று இப்போதாவது தெரியட்டும்.

ஜனவரி 24, சனி

ஹெர்பேரியத்தைத் திறந்தோம். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கியிருக்கும் அறை. அலமாரிச் சாவி என்னிடம்தான். ஆதிரா போனைத் தாளுக்கு மேலே பிடித்தாள். பிறகு எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"அம்மா, இது என் பர்த்டே அல்லே?"

லேபிளில் என் கையெழுத்து. பொன்முடி. சேகரித்தவர்: பொன்னம்மை. 11.9.1999.

"என்னைப் பெத்த அன்னிக்கு நீங்க பொன்முடி ஏறிச் செடி பறிச்சீங்களா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவளும் நிறுத்திவிட்டாள்.

ஜனவரி 25, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். பறித்தது சத்தியதாஸ். டிபார்ட்மென்டில் அட்டெண்டர். அப்போது நான் ஆராய்ச்சி மாணவி, நிறைமாதம். மழைக்காலத்தில் மட்டும் பூக்கும் செடி, விட்டால் அடுத்த வருடம்தான். "நீங்க கிடங்க, நான் போறேன்" என்று அவர் தனியாகவே மலை ஏறினார். ஆதிரா விடியற்காலையில் பிறந்தாள். பத்து மணிக்கு அவர் வார்டு வாசலில் ஈரப் பாலிதீன் பையோடு நிற்கிறார். பூவின் நிறம் வாடுவதற்குள் நான் குறித்துக்கொள்ள வேண்டுமே என்று கொண்டுவந்திருந்தார். அவர் காலிலிருந்து ரத்தம் குடித்த அட்டை ஒன்று வார்டுத் தரையில் விழுந்து நர்ஸ் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

படுக்கையிலேயே நிறத்தை எழுதினேன். லேபிளையும் எழுதினேன். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

கைடு சொன்னார், அதனால் எழுதினேன் என்று எழுத வருகிறது. பொய். கைடு அங்கே இல்லவே இல்லை. பேனா என் கையில்தான் இருந்தது. ஹரிகுமாரை வாய்க்கு வந்தபடி திட்டினேனே, அவராவது தேங்காய் உடைக்கிறேன் என்கிறார். நான் என்ன செய்தேன்?

ஜனவரி 27, செவ்வாய்

ஆதிரா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை.

பிப்ரவரி 1, ஞாயிறு

கல்லாறு. சத்தியதாஸின் மகள் ஷிஜி ஆற்றோரத்தில் நடத்தும் டீக்கடைக்குப் பின்னால் அவர் வீடு. எழுபத்தெட்டு வயது, முட்டி மட்டும் வலிக்கிறதாம். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், செருப்பைக் கழற்றும்போதே கொட்டிவிட்டேன்.

"அதுக்கென்ன டீச்சரே இப்போ. எனக்கு அன்னைக்கே தெரியுமே" என்றார்.

அன்றைக்கே தெரியுமாம். இருபத்தாறு வருடம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் கேக்கல? கேட்டிருக்கணும் இல்ல?" என்று அவரிடம் போய்க் கத்துகிறேன். யார் மேல் வர வேண்டிய கோபம் யார் மேல் வருகிறது பாருங்கள்.

"பச்சப்பிள்ளையும் கையுமா கிடக்கிய ஆளுகிட்ட என்னன்னு கேப்பேன்?" என்றார். முட்டியைத் தடவிக்கொண்டே, "ஆனா விஷமம் இருந்துது. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். விஷமம் என்றால் இந்த ஊரில் வருத்தம்.

கல்லில் உங்கள் பெயரை வைக்கிறேன் என்றேன். "கல்லில பேரு வந்தா ஆளு போயாச்சுன்னு நெனைப்பாவ" என்று சிரித்தார். பிறகு அவர் கேட்டது இதுதான்: "அந்தத் தாளு இப்போ எப்பிடி இருக்கு? பூச்சி அரிக்கலியே? ரிட்டயர் ஆனப்புறம் ஒருக்கா பாக்க வந்தேன். யாரும் திறந்து தரல்ல."

சாவி என் பையில்தான் கிடந்தது, இத்தனை வருடமாக.

பிப்ரவரி 4, புதன்

என் பெயரை எடுத்துவிட்டு சத்தியதாஸ் பெயரைப் போடச் சொன்னேன். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். உமாசங்கர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "டீச்சரே, பணியாற்றியவர்னா டீச்சிங் ஸ்டாஃப். அட்டெண்டரை வச்சா நாளைக்கு கேன்டீன்காரனும் வருவான். பழைய கதையெல்லாம் எதுக்கு? மலர் பிரஸ்ஸுக்குப் போயாச்சு."

"அப்போ என் பேரு மட்டும் வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இருபத்துநாலு பேரோடு நிற்கட்டும் என்றேன். எண்ணிக்கை குறையக் கூடாதாம். கல்லுக்கு அளவெடுத்துவிட்டார்களாம்.

பிப்ரவரி 26, வியாழன்

கல் வந்துவிட்டது. இருபத்தைந்தாவது பெயர் ஹரிகுமார். ஒரு லீவு வேகன்சியில் இரண்டு மாதம் கெஸ்ட் லெக்சரராக இருந்திருக்கிறார், ஆகவே பணியாற்றியவர். பழவங்காடியில் தேங்காய் உடைத்த சில்லு ஒரு பை என் மேஜை மேல் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து சட்னி அரைத்தேன். தேங்காய் என்ன பாவம் செய்தது?

மார்ச் 2, திங்கள்

ஹெர்பேரியத்தில் ஒரு முறை உண்டு. பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, மேலே எதையும் ஒட்டி மறைக்கவும் கூடாது. தப்பு என்று தெரிந்தால் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, சரியானதை எழுதி, எழுதியவர் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும், திருத்தியது யார் என்பதும் இருக்கும். இருபத்தைந்து வருடமாக மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

என் பெயரில் உள்ள நூற்று அறுபது தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். பதினேழு அவர் பறித்தவை. பதினேழிலும் சீட்டு ஒட்டினேன். சேகரித்தவர்: சத்தியதாஸ். திருத்தியவர்: பொன்னம்மை. செடியைப் பற்றிய கட்டுரை வெளியான பத்திரிகைக்கும் கடிதம் போட்டாயிற்று. பசை காயும்வரை ஆதிரா தாள்களின் மேல் பாரம் வைத்துக் கொடுத்தாள். "நான் பிறந்த கதையை முழுசா இப்பதான் கேக்குறேன்" என்றாள்.

மார்ச் 12, வியாழன்

விழா. ஒன்றரை மணி நேரம் நன்றி சொன்னார்கள். ஹரிகுமார் கல்லுக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட செல்ஃபிகளுக்குக் கணக்கில்லை. நான் சத்தியதாஸை அழைத்துக்கொண்டு பின்வழியாக ஹெர்பேரியத்துக்குப் போய்விட்டேன்.

தாளை வெளியே எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் பூவைப் பார்த்தார், அப்புறம் இலையின் அடிப்பக்கத்தை, அப்புறம்தான் சீட்டை. தன் பெயரை வாய்க்குள்ளேயே ஒரு தடவை படித்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"டீச்சரே, தேதி தப்பாக்கும்."

"என்ன?"

"பதினொண்ணு இல்ல, பத்து. பத்தாம் தேதி சாயங்காலம் பறிச்சேன். கடைசி பஸ் போயாச்சு. எஸ்டேட்டு லயத்துல தொழிலாளி வேல்சாமி வீட்டில படுத்துட்டு, காலத்தே முதல் பஸ்ஸில வந்தேன். பதினொண்ணுக்கு நான் உங்க ஆஸ்பத்திரியில இல்லியா நின்னேன்?"

இத்தனை வருடம் கழித்து மன்னிப்புச் சீட்டு ஒட்டினால் அதிலும் தப்பு கண்டுபிடிக்கிறார் மனிதர். எனக்கு எரிச்சலும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. புதுச் சீட்டு ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினேன். பேனாவைக் கொடுத்தேன்.

"நானா?" என்றார்.

"திருத்துறவங்கதான் கையெழுத்துப் போடணும். நீங்கதான் எனக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தீங்க" என்றேன்.

மெதுவாகத்தான் எழுதினார். 10.9.1999. திருத்தியவர்: சத்தியதாஸ். பசையை அவரே தடவினார், ஓரம் பிசிறாமல்.

மார்ச் 31, செவ்வாய்

சாவியை ஒப்படைத்தேன். இனி பொறுப்பு நீதுவுக்கு. சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, நல்ல பெண். அலமாரி அலமாரியாகச் சரிபார்த்து வந்தவள் காசித்தும்பைத் தாளில் நின்றாள்.

"டீச்சர், இந்த ரெண்டாவது சீட்டுல கையெழுத்துப் போட்ட சத்தியதாஸ் யாரு? பாட்டனியில இருந்த சாரா?"

"ஆமா" என்றேன். "சத்தியதாஸ் சார்."