நாலாம் பக்கம்

திண்டுக்கல்,
9.9.2024

அன்புள்ள அறிவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகம். மற்றபடி ரசம் வைக்க ஆளில்லை. நீ என் போன் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதால் இந்தத் தபால்.

சபைக் கமிட்டித் தேர்தலுக்கு நீ கொடுத்த உன் பெயரை, புருஷன் என்ற முறையில் நான் எழுந்து வாபஸ் வாங்கினேன். இதற்காக ஒருத்தி ரெட்டியார்சத்திரத்தில் தம்பி வீட்டில் போய் மூன்று வாரம் உட்காருவாளா? முதலில் ஆதாம், பிறகு அவனுக்குத் துணையாக ஏவாள். இது என் கருத்தல்ல, வேதம். பழத்தை முதலில் தின்றதும் அவள்தான் என்று நான் சொன்னபோது சபை சிரித்தது என் குற்றமா?

இருக்கட்டும். 29ஆம் தேதி குடும்ப ஞாயிறு. பேராயர் வருகிறார், பிரசங்கம் எனக்கு. தலைப்பு ஆதாமும் ஏவாளும். பதினோரு வருட வழக்கப்படி நாலு பக்கம், பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு.

உன் ரொனால்டு

ரெட்டியார்சத்திரம்,
16.9.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ரசத்துக்கு முதலில் புளியைக் கரைக்க வேண்டும். முதலில் வந்ததுதான் தலை என்றால் அந்த வீட்டுக்குப் புளிதான் தலை. வேதத்தின் முதல் அதிகாரத்தில் ஆதாமுக்கு முன்பே ஆடுமாடு வந்துவிட்டது. கமிட்டித் தலைவராக ஒரு கிடாயை நிறுத்தலாம். இப்போது இருப்பதற்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

சங்கீதப் புத்தகத்தில் கர்த்தரையே துணை என்று சொல்லியிருக்கிறது. அவர் யாருக்கும் ரசம் வைத்ததாக இல்லை. புருஷன் ஆளுவான் என்பது பழம் தின்ற பிறகு வந்த தண்டனை. முள்ளும் அன்றைக்குத்தான் வந்தது. முள்ளை வெட்டி எறிகிறீர்கள், இதை மட்டும் நியமன ஆணை மாதிரி சட்டம் போட்டு மாட்டுகிறீர்கள்.

அன்று பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். யார் யார் சிரித்தார்கள் என்று பெயர் பெயராக ஞாபகம் இருக்கிறது. என் பெயர் வேட்பாளர் பட்டியலில் திரும்ப வரவேண்டும். அக்டோபர் 6 தேர்தலுக்குள் நீங்களே சேர்த்துவிட்டால் நல்லது.

பிரசங்கம் இத்துடன். மூன்று பக்கம் உங்களுக்குப் பிடித்தபடியே இருக்கும். இந்த ஒரு தடவையாவது வாசித்துப் பார்த்துவிட்டு மேடை ஏறுங்கள்.

உங்கள் அறிவு

திண்டுக்கல்,
20.9.2024

அன்புள்ள அறிவுக்கு,

கிடைத்தது. பிரசங்கத் தாளைப் பிரிக்கவில்லை. முன்கூட்டிப் படித்தால் ஆவியானவர் பேச இடமிருக்காது என்பது என் கொள்கை. இத்தனை வருடத்தில் ஒரு தாளையும் மேடைக்குக் கீழே நான் பிரித்ததில்லை என்பது உனக்கே தெரியும்.

நீ தாழ்மைக்குத் திரும்பியதில் சந்தோஷம். பட்டியல் விஷயத்தை அடுத்த தேர்தலுக்கு, மூன்று வருடம் கழித்து, ஜெபித்துப் பார்ப்போம்.

உன் ரொனால்டு

திண்டுக்கல்,
30.9.2024

அறிவுச்செல்விக்கு,

நாலாம் பக்கத்தில் ஐந்து வரி வாசித்த பிறகுதான் அது என்னைப் பற்றியது என்று எனக்கு விளங்கியது. "ஆதாம் அவளோடேயே நின்றான், அவனும் தின்றான், மாட்டிக்கொண்டதும் அவளைக் கைகாட்டினான். நானும் அப்படித்தான். பதினோரு வருடமாக நான் செய்த பிரசங்கங்களை எழுதியவள் என் மனைவி. அவள் பெயரை அவளைக் கேட்காமல் எடுத்தவன் நான்." என் வாயாலேயே, மைக்கில்.

நிறுத்தினேன். முன்வரிசையிலிருந்து பொன்னுத்துரை மாமா, "ஏலே ரொனால்டு, அந்தப் பக்கத்த இன்னொருக்கா வாசிலே, எனக்குக் காது மந்தம்" என்றார். பேராயர் தலையசைத்தார். இன்னொரு முறை வாசித்தேன்.

இதை நான் எழுதவில்லை என்று சொல்லலாமென்றால், அதைத்தான் அந்தத் தாளே சொல்கிறது. பேராயர் என் மனத்தாழ்மையை மெச்சி, பட்டியலை வாங்கி உன் பெயரைத் தன் பேனாவாலேயே எழுதினார். ஆனந்தி டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே கைதட்டினாள். பெண்கள் பெஞ்சு முழுக்கத் தொடர்ந்தது.

போதும், நீ ஜெயித்தாய். எனக்குக் கோபமில்லை. நீ என் எலும்பில் எலும்பு. வீட்டுக்கு வந்துவிடு. கிறிஸ்துமஸ் பிரசங்கமும் எனக்குத்தான்.

ரொனால்டு

ரெட்டியார்சத்திரம்,
7.10.2024

மதிப்பிற்குரிய திரு. ரொனால்டு அவர்களுக்கு,

நேற்று நான் தேர்வானபோது நீங்களும் கை தூக்கியதைப் பார்த்தேன். நன்றி. கிறிஸ்துமஸ் பிரசங்கம் யாருக்கு என்பதை இனிக் கமிட்டி முடிவு செய்யும். உங்கள் பெயர் வந்தால், புருஷனைக் கேட்காமல் எடுக்கமாட்டேன். கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

எலும்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆதாமின் விலா எலும்பை எடுத்ததும் அந்த இடத்தைச் சதையால் மூடிவிட்டதாக அதே அதிகாரத்தில் இருக்கிறது. எலும்பு திரும்பிப் போனதாக எங்கும் இல்லை. கடைசிப் பக்கம் வரை தேடிவிட்டேன். முன்கூட்டிப் படிக்கிற பழக்கம் உங்களுக்கு இல்லை என்பதால் சொல்கிறேன்.

அறிவுச்செல்வி
உறுப்பினர், சபைக் கமிட்டி