எட்டாவது வாக்கியம்

மார்ச் 3, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல இருக்கிறது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரம் என்கிறார் எலும்பு மருத்துவர். சமையலறையில் வழுக்கியது என் கவனக்குறைவு. தரையைக் குறை சொல்வதற்கில்லை.

மகள் வந்திருந்தாள். அவள் வீட்டில் எனக்கென்று அறை ஒழித்து வைத்திருக்கிறாளாம். "அப்பா போய் ரெண்டு வருஷமாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கும்மா இந்தப் பிடிவாதம்?" என்றாள். வாக்குவாதம் முற்றி ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. கட்டுப் பிரிக்கும்வரை என் காரியங்களை நானே பார்த்துக்கொண்டால் அவள் இந்தப் பேச்சை மறுபடி எடுக்க மாட்டாள். ஒரு நாள் தவறினாலும் நான் பெட்டி கட்ட வேண்டும். தினம் மாலை ஆறு மணிக்கு ஃபோனில் கேட்பாள்.

பெருக்கித் துடைக்க வருபவள் கணக்கில் சேர்த்தி இல்லை. அவள் தரையைத்தான் தொடுவாள், என்னை அல்ல.

மார்ச் 4, புதன்

மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் பயிற்சி நூல், ஒன்பதாம் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹெர்செல்ஃப். பத்து வாக்கியங்கள், கோடிட்ட இடங்களோடு. பதினாறாம் தேதிக்குள் வேண்டும் என்கிறார் பதிப்பகத்துக்காரர்.

பொய்யான வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதாதே என்பார் நான் ஆசிரியையாக இருந்த கான்வென்ட்டின் மதர். நாற்பது ஆண்டுகளில் நான் அதை மீறியதில்லை. 'ஐ' என்று தொடங்கும் வாக்கியம் எதுவானாலும் முதலில் செய்து பார்ப்பேன், பிறகுதான் பக்கத்தில் டிக் போடுவேன். பதிப்பகத்துக்காரருக்கு இது வேடிக்கை. "மேடம், 'ஐ ஹர்ட் மைசெல்ஃப்'னு ஒண்ணு எழுதிருக்கீங்களே, அதுக்காகவா கையை உடைச்சுக்கிட்டீங்க?" என்றார். நான் சிரிக்கவில்லை. ஃபோனை வைத்த பிறகு சிரித்தேன்.

எட்டாவது வாக்கியம்: ஐ லிவ் பை மைசெல்ஃப். அதற்கு டிக் போட யோசிக்கவே இல்லை.

மார்ச் 6, வெள்ளி

மூன்றாவது: ஐ ட்ரெஸ் மைசெல்ஃப். ஐந்து பொத்தான்கள், நாற்பது நிமிடங்கள். டிக்.

ஆறு மணி. "இன்னிக்கு?"

"நானே."

மார்ச் 9, திங்கள்

நானே.

மார்ச் 10, செவ்வாய்

ஒற்றைக் கையால் கொண்டை போட முடியாது. கிளிப் மாட்டிக்கொண்டேன். ஆனால் வகிடு, இடது கையால் எடுத்த வகிடு, அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல நேர். காட்ட யாருமில்லை. அவர் இருந்திருந்தால் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "பிரமாதம்" என்றிருப்பார்.

மார்ச் 12, வியாழன்

விழுந்துவிட்டேன்.

குளியலறை முக்காலி வழுக்கியது. காலை எட்டு மணி இருக்கும். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஒரு கையை ஊன்றி எழ முடியவில்லை. எத்தனை முறை முயன்றேன் — சோப்பு நுரை உடம்பிலேயே காய்ந்துபோனது. தாழ்ப்பாள் வேறு போட்டிருந்தேன். தனியாக இருக்கிற வீட்டில் யார் வரப்போகிறார்கள் என்று தாழ்ப்பாள்? எழுபத்தாறு வயதில் இந்த அறிவு.

பத்து மணிக்கு, தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு, பெருக்க வருபவள் வந்தாள். "அம்மா? உள்ளயா இருக்கீங்க? குரல் குடுங்க." கொடுத்தேன். தோளால் இடித்தே தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு துண்டைப் போர்த்தினாள். தூக்கி உட்காரவைத்தாள், தண்ணீர் ஊற்றினாள், துவட்டினாள். ஐந்து பொத்தான்களையும் ஒரு நிமிடத்தில் போட்டாள்.

"நான் எதையும் பாக்கலம்மா. உங்க பொண்ணு கேட்டா, தாழ்ப்பா துருப்பிடிச்சு தானா விழுந்துச்சுன்னு சொல்லிடுறேன்."

"துரு இல்லையே," என்றேன்.

"நீங்க ஒருத்தரு. பொய்யிலகூட தப்புக் கண்டுபிடிப்பீங்க."

ஆறு மணி. "இன்னிக்கு?"

"நானே."

மார்ச் 13, வெள்ளி

நானே என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

பாடத்தைச் சுத்தப்பிரதி எடுக்க உட்கார்ந்தேன். ஏழாவது வரை வந்துவிட்டேன். எட்டாவதில் பேனா நிற்கிறது. இந்த வீட்டில்தானே இருக்கிறேன், தனியாகத்தானே இருக்கிறேன்? பின் என்ன பொய்? பெருக்க வருபவள் பத்து மணிக்கு வராத நாளாக இருந்திருந்தால்? அவளுக்கும் காய்ச்சல் வரும், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

நாற்பது வருஷம் கரும்பலகைல எழுதாததை மூணு நாளா ஃபோன்ல சொல்லிட்டிருக்கேன். யாரை ஏமாத்துறேன்? என் பொண்ணையா?

மார்ச் 16, திங்கள்

மதியம் நானே ஃபோன் செய்தேன். நேரம் தவறி வந்த அழைப்பு, எடுத்ததும் "என்னம்மா ஆச்சு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். தாழ்ப்பாளையும் சொன்னேன். ஜெயித்த குரலை எதிர்பார்த்திருந்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, அழுதுகொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை வரேன்மா. பெட்டில கனமா எதையும் தூக்கி வைக்காதீங்க."

எட்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுதினேன்: ஐ டோல்ட் ஹர் மைசெல்ஃப். சிறு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடினம் என்றார் பதிப்பகத்துக்காரர். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்றேன். டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

கட்டுப் பிரித்து ஐந்து நாட்கள் ஆகின்றன. வலது கையால் எழுதுகிறேன். இடது கை எழுதியதைவிட மோசம். மகள் ஒழித்து வைத்திருந்த இந்த அறையின் ஜன்னலிலிருந்து அடுத்த வீட்டுச் சுவர் தெரிகிறது. வேறெதுவும் தெரியவில்லை.

விரல்கள் சீப்பை இன்னும் பிடிக்க மறுக்கின்றன. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மகள் தலை வாரிவிட்டாள். கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டி, "சரியா இருக்காம்மா?" என்றாள்.

வகிடு கோணல். உச்சியில் வளைந்து காதை நோக்கிப் போகிறது.

"இருக்கு," என்றேன்.