இனி நான் விருந்தாளி இல்லை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். கப்பல் பட்டறையில் வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்றாயே, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. வெல்டிங் நெருப்புக்கு முன்னால் கண்ணாடி போடாமல் நிற்காதே.

எனக்குப் புதுப் பள்ளிப் பேருந்து கொடுத்திருக்கிறார்கள். பார்க்க மணப்பெண் மாதிரி இருக்கிறது. கியர்தான் கோபித்துக்கொண்ட மாமியார், ஒரு தடவை சொன்னால் கேட்பதில்லை.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். போன ஞாயிறு நான் சபையில் அங்கத்தினராகச் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. அப்பாவை அந்தப் பழைய சபை ஓரங்கட்டிய பிறகு, "வந்தோமா, ஜெபிச்சோமா, போனோமான்னு இருங்க" என்று அம்மா நமக்குச் சொல்லிவைத்தது எனக்கும் நினைவிருக்கிறது. இத்தனை வருஷமும் வாசலை ஒட்டின பெஞ்சில் பட்டும் படாமல் உட்கார்ந்திருந்து, ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள்தான் நான்.

நடந்தது இதுதான். எங்கள் சபைக்குச் சலவைக்கடை அம்மா ஒருவர், சக்கர நாற்காலியில் கணவரைத் தள்ளிக்கொண்டு வருவார். பக்கவாதம் வந்த பிறகு அந்த மனிதரின் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "போதும்." பசித்தாலும் போதும், சந்தோஷம் வந்தாலும் போதும். பிரசங்கத்தின் நடுவிலும் உரக்கச் சொல்வார். நாங்கள் மனதுக்குள் சொல்வதை அவர் வாய்விட்டுச் சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்! ஆனால் சிலருக்கு அது பொறுக்கவில்லை. அவர்கள் இருவரையும் பக்கத்து அறையில் உட்காரவைத்து ஸ்பீக்கர் மாட்டிக் கொடுக்கலாம் என்று சபைக் கூட்டத்தில் பேச்சு எடுத்தார்கள்.

நான் எழுந்துவிட்டேன். செயலாளர் மரியாதையாகத்தான் சொன்னார்: "மன்னிக்கணும்மா, நீங்க அங்கத்தினர் இல்லையே. கூட்டத்துல பேச முடியாது." முகத்தில் அடித்தாற்போல இருந்தது. போதகர் அவகாசம் கேட்டதால் முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று தீர்மானித்து, மறுநாள் சலவைக்கடைக்குப் போய், வேறு சபைக்குப் போகலாம், நானே வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றேன். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. "இவரு விழுந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா உக்காந்திருந்தது யாரு தெரியுமா? அந்த செயலாளர்தான். இவங்க என் சனம். சண்டைன்னா இங்கயே போட்டுக்கறேன். சொந்த வீட்டுல சண்டை போடாம வேற எங்க போய்ப் போட?" என்றார்.

திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கோபம் வந்ததும் என்னால் சுலபமாகக் கிளம்ப முடிகிறது என்றால், நான் அங்கே இருந்ததாகவே அர்த்தமில்லை.

போதகரிடம் போய், சேர்கிறேன், பேச வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். பிறகு கேட்டார்: "பேசுங்க. ஓட்டு உங்களுக்கு எதிரா விழுந்தா என்ன செய்வீங்க? அப்பவும் இருப்பீங்களா? நீங்க தப்புப் பண்ணினா நாங்க வந்து கேக்கலாமா?" பல நாள் பேருந்து ஓட்டிக்கொண்டே அதை யோசித்தேன். அப்பாவை நினைத்தேன், பயமாகத்தான் இருந்தது. கடைசியில், இருப்பேன், கேளுங்கள் என்று சொன்னேன்.

போன ஞாயிறு சபைக்கு முன்னால் போய் நின்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். போதகர் சபையைப் பார்த்துத் திரும்பினார். அத்தனை பேரும் எழுந்து நின்று, இவளைத் தாங்குவோம், இவளுக்காக ஜெபிப்போம் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள்கூட முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். முதலில் வந்து கை கொடுத்தவர் அந்தச் செயலாளர்.

அன்று மத்தியானமே நடந்த கூட்டத்தில் பேசினேன். நம் சரீரத்தில் ஒரு கை விழுந்துவிட்டால் அதைக் கழற்றி அடுத்த அறையில் வைப்போமா என்று கேட்டேன். செயலாளர் அப்போதும் எனக்கு எதிராகத்தான் கை தூக்கினார். ஆனாலும் அவர்கள் இருவரும் எல்லோரோடும் கூடத்திலேயே உட்காரட்டும் என்று முடிவானது. கலைந்து போகும்போது, சக்கர நாற்காலியை எப்படி மடிப்பது என்று அந்த அம்மாவிடம் கேட்டு, செயலாளரே அதைப் படி இறக்கிக்கொண்டிருந்தார். ஓட்டில் தோற்ற பிறகும் ஒருவர் ஏன் சபையை விட்டுப் போவதில்லை என்று அவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

உனக்கு ஏன் இவ்வளவும் எழுதுகிறேன் என்று தெரிந்திருக்கும். உன் மனைவி பிரிந்து போன பிறகு நீ வாரம் ஒரு சபையாகப் போய்வருகிறாய். காய்ச்சலில் கிடந்ததை எழுந்து நடமாடிய பிறகுதான் என்னிடம் சொன்னாய். கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருந்ததா என்று கேட்டதற்கு, பேச்சை மாற்றிவிட்டாய்.

குறையில்லாத சபையைத் தேடாதே, கிடைக்காது. கிடைத்தாலும் நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் இருக்கிற ஒன்றுக்குப் போ. ஆராதனை முடிந்ததும் கிளம்பாதே. யாராவது கை கொடுத்தால் உன் பெயரைச் சொல். அடுத்த வாரமும் அங்கேயே போ. ஒரு ஞாயிறு நீ வராவிட்டால், ஏன் வரவில்லை என்று உன் கதவைத் தட்டிக் கேட்க ஆள் இருக்கட்டும். இவ்வளவு தூரத்திலிருந்து அக்காவால் தட்ட முடியவில்லையடா.

கர்த்தர் உன்னை ஒரு குடும்பத்தின் நடுவே உட்காரவைப்பாராக.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அக்கா