வாங்கம்மா

மார்ச் 3

என் அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இடுப்பு மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. தினமும் சாயங்காலம் போனில் பேசிக்கொண்டே கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு வாயால் பொய் சொல்ல வரும், எழுத்தில் வராது.

என் மேல் ஏதாவது கோபமா? கொஞ்ச நாளாக என்னை 'நீங்க' என்கிறாய். "சாப்பிட்டீங்களாம்மா? மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?" பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை நீ அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா?" என்று கேட்கிற பெண் நீ. இப்போது மாமியாரிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசுகிறாய். தையல் கடையில் என் பக்கத்து மிஷின்காரியிடம் சொன்னேன். பெண் திருந்திவிட்டாள் என்று சந்தோஷப்படாமல் இதற்கெல்லாமா அழுவார்கள் என்று சிரித்தாள். அவளுக்கென்ன தெரியும்.

இன்னொன்று. குளியலறையில் வழுக்கி விழுந்ததை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். எழுந்திருக்க முடியாமல் கிடந்தது, கீழ்வீட்டுக்காரர் வந்து தூக்கியது, அப்போது நான் எந்தக் கோலத்தில் இருந்தேன் என்பது, எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "அழாதீங்கம்மா. இங்க வந்துடுங்க, என்கூடவே இருங்க. வாங்கம்மா" என்றாய். என் மனசு குளிர்ந்துபோயிற்று. மறுநாளே வீட்டுக்காரரிடம் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். என் மிஷினை அந்த மிஷின்காரியே எடுத்துக்கொள்கிறாளாம். எப்போது கிளம்ப, என்னென்ன எடுத்து வர என்று உன் கையால் ஒரு வரி எழுது.

உன் அம்மா

மார்ச் 14

அன்புள்ள அம்மா,

கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் நாள் முழுக்க "உட்காருங்க, டோக்கன் எடுத்துக்கங்க" என்று சொல்லிச் சொல்லி வாயில் அதுவே வந்துவிடுகிறது. இனி வராது, போதுமா?

வீட்டைக் காலி செய்வதாக ஏன் அதற்குள் சொன்னாய்? என் அறையை நீ பார்த்ததில்லை. இன்னொருத்தியோடு பங்கு. அவள் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் நடக்க முடியும். கொஞ்சம் பொறு, வேறு இடம் பார்க்கிறேன். வீட்டுக்காரரிடம் தயவுசெய்து பேசிப் பார். மிஷினைக் கொடுத்துவிடாதே.

இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள். விழுந்ததற்காக வெட்கப்படாதே அம்மா.

உன் வாலு

மார்ச் 25

வாலு,

உன் கடிதத்தைப் படித்து மடித்து வைக்கிறேன், போன் அடிக்கிறது. நீதான். 'நீ' என்றுதான் பேசினாய், நல்லது. ஆனால் "எப்பம்மா கிளம்புறே? உனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்" என்றாய். கடிதத்தில் பொறு என்கிறாய், போனில் கிளம்பு என்கிறாய். எந்த வாலு சொல்வதை நான் கேட்பது?

நேற்று வேண்டுமென்றே ஒன்று சொன்னேன். இரும்பு பீரோவையும் கையோடு கொண்டு வருகிறேன், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிடலாம் என்று. நீயாக இருந்தால் "லூசாம்மா நீ?" என்று காது கிழியக் கத்தியிருப்பாய். "சரிம்மா, பத்திரமா எடுத்துட்டு வா" என்றாய்.

வீட்டுக்காரர் வேறு ஆளிடம் முன்பணம் வாங்கிவிட்டாராம். நான் எங்கே போக என்பது அப்புறம் இருக்கட்டும். உனக்கு உடம்புக்கு ஏதாவதா? யாராவது உன்னை மிரட்டி இப்படிப் பேச வைக்கிறார்களா? மறைக்காமல் எழுது.

அம்மா

ஏப்ரல் 6

அம்மா,

என்னை யாரும் மிரட்டவில்லை. போனில் உன்னோடு பேசுவது நான் இல்லை.

நம் பழைய குரல் பதிவுகளைக் கொடுத்தால் நம் குரலிலேயே பேசுகிற ஆப் ஒன்று இருக்கிறது. தினமும் சாயங்காலம் அதுதான் உன்னைக் கூப்பிடுகிறது. நீ கேட்பதற்கு அதுவாகவே பதில் சொல்லும். பேசியதைச் சுருக்கி எனக்கு அனுப்பும். மேலே 'அம்மா நலம்' என்று இருக்கும். அதற்குக் கீழே நான் படிப்பதில்லை. நீ விழுந்ததே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

வேலை அதிகம் என்று எழுதினால் அது பாதிப் பொய். உன் வலியையும் தனிமையையும் கேட்டுவிட்டு போனை வைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எதுவும் செய்ய வக்கில்லையே என்று என்னை நானே தின்பேன். கேட்காமல் இருந்தால் நிம்மதியாக இருந்தது. அவ்வளவு கேவலமானவள் நான். அம்மாவை எப்படி அழைப்பீர்கள் என்று அது முதலில் கேட்டது. நான்தான் உனக்கு மரியாதை கொடுத்ததில்லை, அதுவாவது கொடுக்கட்டும் என்று 'நீங்க' போட்டேன். உன் முதல் கடிதம் வந்ததுமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'நீ' என்று மாற்றிவிட்டு, ஆஸ்பத்திரிப் பழக்கம் என்று எழுத்திலேயே பொய் சொன்னேன்.

உன்னை வரச் சொன்னது அதுதான். சொல்லியிருக்க வேண்டியவள் நான். அதை நிறுத்திவிட்டேன் அம்மா. இனி நானே பேசுவேன். வாய்க்கு வந்தபடி திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

வாலு

ஏப்ரல் 19

வாலுவுக்கு,

தையல் கடை முதலாளி, துணிக்கட்டு போட்டுவைக்கிற பின்னறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். மிஷின்காரி ஒரு வார்த்தை கேட்காமல் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தங்க இடம் இருக்கிறது, அதை நினைத்து நீ உருகாதே.

பொய் சொன்னதைக்கூட விடு. நான் விழுந்து கிடந்த கோலத்தை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. பெற்ற மகள் என்றுதானே உன்னிடம் சொன்னேன். அதைக் கேட்டது யார்? இப்போது எந்தக் கம்பெனியில் கிடக்கிறது என் பேச்சு? நினைத்தாலே உடம்பு கூசுகிறது. அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. "அழாதீங்கம்மா" என்று அது சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ கூப்பிடாமலே இருந்திருக்கலாம். பாவம், அவளுக்கு நேரமில்லை என்று உனக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். என்னோடு பேசுவது ஒரு வேலை, யார் செய்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டாயே. உன் மேல் பாசம் போய்விட்டதா என்றால், இல்லை. போயிருந்தால் தேவலை.

வியாழக்கிழமை போன் வந்தது. "அம்மா, நான்தாம்மா. நிஜமாவே நான்தான். ஏதாவது பேசும்மா" என்று ஒரே அழுகை. உன் குரல்தான். அதுவும் உன் குரலில்தானே பேசும். நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். எழுத்திலும் பொய் சொன்னேன் என்று அதே கடிதத்தில்தான் எழுதியிருக்கிறாய். நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? போனை வைத்துவிட்டேன். திரும்பத் திரும்ப அடித்தது. எடுக்கவில்லை.

அழுதது நீயாக இருந்தால் அம்மாவை மன்னித்துவிடு.

அம்மா