முன்வரிசையில் ஒரு ஷூ

மே 4
நாளை முதல் ஒரு வார இசை முகாம். பிள்ளைகளின் பேண்டுக்கு முன்னால் நின்று கையசைத்து நடத்த, விருந்தினர் கண்டக்டராக என்னை அழைத்திருக்கிறார்கள். பள்ளி முதல்வர் அம்மா போனில் சொன்னார்: "எங்க பேண்டு மாஸ்டர் இந்த மாசத்தோட ரிடையர் ஆகறார். கச்சேரி நல்லா அமைஞ்சா ஜூன்லேர்ந்து வேலை உங்களுக்குத்தான்."
எத்தனை காலம்தான் ஊர் ஊராக விருந்தாளியாகவே போய்வருவது? எனக்கென்று ஒரு பேண்டு வேண்டும்.
வீட்டுக்காரர் வழக்கம்போல, "கண்டக்டரம்மா, ஒரு டிக்கெட்!" அலுக்கவே அலுக்காதா இவருக்கு?

மே 5
கெட்டிக்காரப் பிள்ளைகள். தாளம் பிசகவில்லை. ஆனால் நான் வேகத்தைக் குறைத்தால் அவர்கள் குறைப்பதில்லை. கை வலித்ததுதான் மிச்சம்.

மே 6
கண்டுபிடித்துவிட்டேன். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாஸ்டர், ஷூவால் மரத்தரையில் தட்டுகிறார். டக், டக். வருடக்கணக்காக அந்தச் சத்தத்துக்கே வாசித்துப் பழகியிருக்கிறார்கள். நான் இத்தனை நேரம் ஈ ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!
வெளியே இருக்கச் சொன்னேன். "நான் என்னம்மா பண்ணேன்? சும்மாதானே உக்காந்திருக்கேன்" என்றார். முகம் சிறுத்துவிட்டது. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. அதற்காக?

மே 7
அவர் இல்லாமல் ஒரே சந்தைக்கடை. டிரம்பெட் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம். கிளாரினெட் வாசிக்கும் பெண் அழுதேவிட்டாள். "எதைப் பாக்கறதுன்னே தெரியல மேடம்."
என் கையைப் பாரு பொண்ணே, என் கையை!

மே 9
இன்று பார்த்தார்கள்.
கடைசிப் பகுதியில் வேகத்தைக் குறைத்துக் குறைத்துக் கையை அப்படியே நிறுத்தினேன். கிளாரினெட் பெண் என் விரலையே பார்த்தபடி கடைசிச் சுரத்தைப் பிடித்திருந்தாள். நான் கையை இறக்கிய பிறகுதான் விட்டாள். இதற்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

மே 10
கச்சேரி. மரியாதைக்காக மாஸ்டரை முன்வரிசையில் நடுவில் உட்காரவைத்திருந்தார்கள்.
தொடங்கியதுமே டக், டக். பாவி மனுஷன்! வேணும்னே பண்றாரா, தன்னை அறியாமலா? கடைசிப் பகுதியில் நான் குறைத்தேன். பேண்டு குறைக்கவில்லை. கிளாரினெட் பெண் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அவர் கால் தட்டும் தாளத்தோடு போய்விட்டாள்.
போங்க, எப்படியோ போங்க! கையைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா நின்றேன். ஒரு சுரம் பிசகாமல் முடித்தார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது.
முதல்வர் அம்மா ஓடிவந்தார். "கையை இறக்கிட்டு அவங்களையே வாசிக்க விட்டீங்க பாருங்க, யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்!"
உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

மே 11
"கண்டக்டரம்மாவுக்குச் சொந்த பஸ்ஸே கிடைச்சாச்சு!" வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 2
பணியில் சேர்ந்தேன். கையை உயர்த்தினேன். பிள்ளைகள் மூலையில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

ஜூன் 14
இன்றும் சந்தைக்கடைதான். முதல்வர் அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அன்னிக்கு வாசிச்ச மாதிரி இல்லையே" என்றார்.
சாயங்காலம் ஷூ கடைக்குப் போனேன். கடைக்காரர் மெத்தென்று ஒரு ஜோடியை எடுத்துக்காட்டி, "நடந்தா சத்தமே வராதும்மா" என்றார். அது வேண்டாம், அடிப்பாகம் கெட்டியாக இருப்பதைக் காட்டுங்கள் என்றேன்.
தரையில் தட்டிப் பார்த்து வாங்கினேன்.