கணவர் பெயரை எழுதுங்கோ

கொக்கிளாய்

அன்புள்ள அத்தானுக்கு,

பரந்தனில் நீங்களும் மாமியும் சுகந்தானே? மாமியின் இருமல் குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் முதியோர் எழுத்தறிவு வகுப்புக்குக் கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். பெண்களுக்கு ஆளுக்கொரு போன் கொடுத்து, இணையத்தில் எல்லோரையும் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுத வைப்பாராம். "உங்கட கணவர் பெயரை எழுதுங்கோ" என்று தொடங்கினார். இங்கே புருஷன் பெயரைப் பெண்கள் வாயாலும் சொல்லமாட்டார்கள் என்றேன். "அது பழைய கதை, டீச்சர்" என்றது அந்த மேதை.

பெண்கள் ஒருத்தியின் புருஷன் பெயரை அவளுடைய வரியில் மற்றவள் எழுதுவதாக மாறி மாறி எழுதினார்கள். இராசமலர் அக்காவின் வரியிலும் ஒருத்தி 'தயாபரன்' என்று எழுதினாள். அக்காவின் புருஷன், யுத்தத்தில் காணாமல் போனவர். அக்கா இன்னும் வழி பார்த்திருக்கிறா. விஷயத்தைக் கேட்டறிந்த ஆலோசகர், "இவவுக்குத்தான் ஆள் இல்லையே" என்று அதை அழித்தார். எல்லாப் போன்களிலும் பெயர் ஒன்றாக மறைந்தது.

பிறகு ஒவ்வொரு வரியிலும் தயாபரன், தயாபரன் என்று வந்துகொண்டேயிருந்தது. அழித்து அழித்து அந்தப் பெரிய மனிதருக்கு விரல் நொந்திருக்கும். போகும்போது இணையத்துக்காகக் கொண்டுவந்த சிக்னல் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இங்கே வேறு சிக்னல் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டு மிளகாய்த்தூள் கொஞ்சம் பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். இங்கே விற்பது தூளே இல்லை. நீங்களே கொண்டுவந்தாலும் நான் வேண்டாமென்று சொல்லமாட்டேன்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். உறையில் உங்கள் பெயரை எழுத எனக்கும் கை வரவில்லை. இராசமலர் அக்காதான் எழுதினா. கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

உங்கள்
ஜெயரூபி